நேராக நின்று தொட்டால்தான்

அந்தச் சுவரில், என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், ஒரு கரிக்கோடு இருந்தது. கயிறு கம்பெனி மருந்தகத்தின் பின்னறையில், ஜன்னலுக்கும் மருந்து அலமாரிக்கும் நடுவே, வெள்ளையடித்த சுவரில், அடுப்புக் கரியால் எங்கள் நர்ஸ் சிஸ்டர் தம் கையாலேயே இழுத்த கோடு. கிடங்கில் நாங்கள் கயிற்றுச் சுருள்களைத் தூக்கி அடுக்கும் மேல்தட்டு எவ்வளவு உயரமோ, அதே உயரம். நூல் பிடித்து அளந்து வந்து போட்டார். ஐந்து மாதம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தேன். சாமி படத்தைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. கண்ணை மூடினால் கோடு வருகிறது, கூடவே கோபமும் வருகிறது. வயசானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். யாருக்கு ஆறுகிறதோ தெரியாது, எனக்கு ஆறவில்லை.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்துக்கு வடக்கே, துறைமுகத்துக் கப்பல்களுக்கு வடக்கயிறு முறுக்கித் தரும் கம்பெனியில் எனக்குக் கிடங்கு வேலை. அப்பா இல்லை. மீன் கூடை சுமந்து சுமந்து அம்மாவின் முழங்கால் இரண்டும் வீங்கிப்போய் அவள் வீட்டோடு உட்கார்ந்துவிட்டாள். என் கை ஓடினால்தான் எங்கள் இருவருக்கும் சோறு. அப்படி இருக்கையில் ஒரு நாள் மேல்தட்டிலிருந்த ஈரச் சுருள் ஒன்று சரிந்து என் வலது தோளில் விழுந்தது. மேற்கை எலும்பு முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, கையைத் தாங்கக் கழுத்தில் துணித் தூளி மாட்டிவிட்டார்கள். வேலைக்குத் திரும்பும்வரை கம்பெனி அரைக்கூலி தந்தது. எட்டு வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது என் கை முருங்கைக்காய் போல இருந்தது. எலும்பு கூடிவிட்டது என்றார்கள். கூடி என்ன செய்ய? கை இடுப்புக்கு மேல் வரவில்லை. தலை வாரிவிட, ரவிக்கைக் கொக்கி மாட்டிவிட அம்மா வேண்டியிருந்தது. இருபத்து மூன்று வயசில் அது எவ்வளவு பெரிய வெட்கம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

சிஸ்டர் எங்கள் கம்பெனி மருந்தகத்து நர்ஸ். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அண்ணன் பட்டணத்தில் மண்டிக்கடை வைத்திருந்தார். சிஸ்டர் யுத்த காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். குண்டடி பட்ட சிப்பாய்களை எப்படி நடக்கவைப்பது, மடங்கிய கையை எப்படி நீட்டவைப்பது என்றெல்லாம் அங்கே கற்றுக்கொண்டு வந்திருந்தார். சாமான் போட்டுவைத்திருந்த பின்னறையைக் கேட்டு வாங்கி, ஒழித்து, அதைத் தேகப்பயிற்சி அறையாக்கினார். உத்திரத்தில் கிணற்று ராட்டினம் ஒன்றைத் தொங்கவிட்டு அதில் எங்கள் கம்பெனிக் கயிற்றையே மாட்டியிருந்தார். நல்ல கை கயிற்றை இழுக்க, கெட்ட கை மேலே போகும். குனிந்து நின்று, மணல் நிரப்பிய அரைப்படியைப் பிடித்துக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். அப்புறம் சுவரில் விரல்களை நடக்கவிட்டு ஏற்ற வேண்டும். அதற்குப் பயிற்சிக்கு வந்த நாங்கள் வைத்த பெயர் பல்லி வேலை. முதல் நாள் என் பல்லி மார்பு வரைக்கும்கூடப் போகவில்லை. வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. என்னை இன்னா துணி பிழியிற மாதிரி பிழியிறியே என்று அழுதேன். சிஸ்டர் அசரவில்லை.

அவர் ஒவ்வொன்றையும் எனக்கு விளங்கச் சொல்லித் தந்தார். தூளியில் கிடந்த கையின் சதை வேலை இல்லாமல் இளைத்துப் போய்விடுமாம். அதைத் தாங்கிப் பிடித்திருந்த கழுத்துச் சதை இறுகிக்கொள்ளுமாம். அதனால்தான் என் வலது தோள் காதோரம் ஏறி, உடம்பே ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது. கையை மேலே ஏற்று என்றால் உடம்பு குறுக்கு வழி தேடும். இடுப்பை வளைக்கும், முதுகைப் பின்னால் சாய்க்கும், குதிகாலைத் தூக்கும். விரல் மேலே போகும். தோள் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத்தான் சிஸ்டர் திருட்டு என்பார். நான் சுவரில் ஏறும்போதெல்லாம் ஒரு உள்ளங்கையை என் தோள்மேல் அழுத்திவைப்பார், இன்னொரு கையின் இரண்டு விரலை என் இடுப்பில் வைத்திருப்பார். இடுப்பு ஒரு நூல் அசைந்தாலும் போதும். “திருடாதட்டி. முதுகு வேலை செய்யுது, தோளு சும்மா கெடக்கு” என்று கையை மறுபடி கீழே இறக்கிவிடுவார். ஏறிய உயரமெல்லாம் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

கரிக்கோடு போட்ட அன்றைக்குத்தான் அந்த வாக்கையும் கொடுத்தார். “நேரா நின்னு தொட்டாத்தான் ஒன்ன வேலைக்கு அனுப்புவேன். அதுவரைக்கும் தொரையே வந்து கேட்டாலும் அனுப்ப மாட்டேன், பாத்துக்க.” அந்த ஒரு வார்த்தையை நம்பி எத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கினேன்! கூடப் பிறந்த அக்காள்கூட இப்படி இருப்பாளா என்று அம்மாவிடம் மாய்ந்து மாய்ந்து சொன்னேன். பொய் இல்லை, அந்த ஐந்து மாதம் அவர் எனக்கு அக்காள்தான். என் தோள் காதோரத்திலிருந்து இறங்கியது. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு தோளும் ஒரு மட்டத்தில் இருந்தன. நானே தலை வாரிக்கொண்ட அன்று சிஸ்டர் எனக்கு ஒரு முழம் கனகாம்பரம் வாங்கிவந்து கொடுத்தார். கோட்டுக்கு நாலு விரல் குறைவாக நான் நேராக நின்று தொட்டேன். இனி இந்த நாலு விரல்தான் கஷ்டம், இரண்டு மாதம் பிடிக்கும், அவசரப்படக் கூடாது என்று அவரே சொன்னார்.

அதற்கு அடுத்த வாரம் தலைமை ஆபீசிலிருந்து மூன்று பெரிய மனிதர்கள் வந்தார்கள். கூடவே ஒரு போட்டோக்காரர். என்னைத் துவைத்த புடவை கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் சிஸ்டர். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர்கள் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பல்லி வேலையைச் செய்து காட்டு என்றார் சிஸ்டர். நான் சுவரைப் பார்த்து நின்றேன். தோள்மேல் உள்ளங்கை வரும், இடுப்பில் இரண்டு விரல் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தேன். வரவில்லை. சிஸ்டர் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டிருந்தார். விரல்களை ஏற்றினேன். நாலு விரல் குறைவில் வழக்கம்போல் கை நின்றது. பின்னால் அத்தனை பேர். மானம் போய்விடும் என்று இருந்தது. என் இடுப்பு வளைந்தது, தோள் காதுக்கு ஏறியது, குதிகால் இரண்டும் தரையை விட்டன. நான் திருடுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. சிஸ்டர் தடுப்பார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அறையில் சத்தமே இல்லை. விரல் கோட்டைத் தொட்டது. கைதட்டினார்கள். போட்டோக்காரர் அப்படியே அசையாமல் நில் என்றார். வலியில் வியர்வை கண்ணில் இறங்க, அப்படியே நின்றேன்.

அன்று மத்தியானமே எனக்கு உடம்பு சரியாகிவிட்டது என்று சிஸ்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை கிடங்கு வேலைக்குப் போகலாம். நான் திருடித்தானே தொட்டேன் சிஸ்டர் என்று கேட்டேன். அவர் புட்டிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தொட்டாயிற்று அல்லவா, போகப் போகச் சரியாகிவிடும் என்றார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எல்லாம் தெரிந்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பெரிய மனிதர்கள் கைதட்டினார்களே.

பதினோராம் நாள், மேல்தட்டுக்கு ஒரு சுருளைத் தூக்கியபோது தோளுக்குள் ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கை தானாகக் கீழே விழுந்தது. தோளைத் தூக்கிப் பிடிக்கும் நரம்பு அறுந்துவிட்டது, இன்னும் வலுவேறாத சதைமேல் பாரம் ஏற்றிவிட்டார்கள், இனி ஒட்டாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கம்பெனியில் சிஸ்டர் எழுதிய சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். சரியாகித்தானே வேலைக்கு வந்தாய், அப்புறம் உன் கவனக்குறைவுக்கு நாங்கள் என்ன செய்வது என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நம்ப வெச்சிக் கழுத்த அறுத்துட்டாளேமே” என்றாள். 

ஒரு வாரம் கழித்து சிஸ்டர் வந்தார், கையில் ஆரஞ்சுப் பழம். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். தேகப்பயிற்சி அறையை மூடிவிட்டு மறுபடி சாமான் போடலாம் என்று தலைமை ஆபீசில் பேச்சாம். அங்கே பயிற்சி எடுத்து ஒரு ஆளாவது பழைய வேலைக்கே திரும்பியதாகக் காட்டாவிட்டால் அறை போய்விடுமாம். அறை போனால் இன்னும் எத்தனை பேர் முடங்கிப்போவார்கள், யோசித்துப் பார் என்றார். 

“அதுக்கு நான்தான் கெடச்சேனா சிஸ்டர்?”

 “மத்தவங்க யாருக்கும் அந்தக் கோடு எட்டாதே. நீதானே அவ்வளவு ஒழச்ச” என்றார்.

உழைத்ததற்குத்தான் எனக்கு அந்தக் கூலி. பழத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவர் வைத்துவிட்டுத்தான் போனார். நாங்கள் தொடவில்லை.

பிறகு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. இடது கையால் மணி அடிப்பேன், இடது கையால் பெருக்குவேன். எட்டாவது வரை படித்திருந்ததால் அலமாரியிலிருந்த புத்தகங்களையெல்லாம் ஓய்வு நேரத்தில் படித்தேன். எழுத்து எனக்கு அங்கேதான் வந்தது. என் உடம்பு பழையபடி ஒரு பக்கம் சாய்ந்துபோயிற்று. சிஸ்டரின் அறை மூடவில்லை. மீனவர் சந்துகளிலும் ஆலை வரிசைகளிலும் சிஸ்டர் பெயரைச் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர் கைராசி அப்படி, அவர் பொறுமை இப்படி என்று என்னிடமே வந்து சொல்வார்கள். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்த வேலையைப் பார்ப்பேன். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆறு வருஷம் கழித்து, எங்கள் சந்திலேயே குடியிருந்த கிடங்குப் பெண் ஒருத்திக்கு தோள் பிசகி, என்னைப் போலவே கை முடங்கியது. தனியாகப் போகப் பயமாயிருக்கிறது, கூட வாக்கா என்றாள். மாட்டேன் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மனசு மாறிக் கூடவே போனேன். அறை அப்படியே இருந்தது. சிஸ்டருக்கு நரை விழுந்திருந்தது. என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது. வா என்று மட்டும் சொன்னார். சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், அந்தப் போட்டோ மாட்டியிருந்தது. பின்னாலிருந்து எடுத்தது, முகம் தெரியாது. வருகிறவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று மாட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பெண் சுவரில் விரல்களை ஏற்றினாள். இரண்டு சாண் ஏறியதும் இடுப்பு வளைந்தது. திருடாதே என்றார் சிஸ்டர். அவளுக்கு வலி, எரிச்சல். போட்டோவைக் காட்டினாள்.

“இந்த அக்கா மட்டும் இடுப்ப வளச்சிகினுதானே நிக்குது? அத்த யாரும் கேக்கலியா?”

 நான்தான் பேசினேன். அந்த அக்கா நான்தான் என்றேன். அவள் போட்டோவைப் பார்த்தாள், பிறகு தொங்குகிற என் கையைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற கைதானே. அவளுக்குப் புரிந்தது.

“என்னைச் சீக்கிரமா அனுப்பிட்டாங்கோ. நீ போவாதே. இவங்களே போன்னு சொன்னாகூட, நேரா நின்னு தொடாம போவாதே” என்றேன். சிஸ்டர் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னேன். அவர் கண் கலங்கி நின்றார். “அவ சொல்லுதது நெசம்” என்றார். என்னிடம் அவர் கேட்ட மன்னிப்பெல்லாம் அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணை ஏழு மாதம் வைத்திருந்தார். நடுவில் இரண்டு தடவை மேனேஜர் ஆள் அனுப்பிக் கேட்டும் விடவில்லையாம். எட்டாம் மாதம் ஒரு காலை, அவள் வேலைக்குப் போகிற வழியில் என் வீட்டு வாசலில் நின்றாள். பாருக்கா என்று கையைத் தூக்கினாள். இடுப்பு அசையவில்லை. தோள் ஏறவில்லை. குதிகால் தரையிலேயே இருந்தது. கை மட்டும், நேராக, வானத்துக்குப் போயிற்று. நல்லா இரும்மே என்று சொல்லி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கும் அப்படி ஏறியிருக்கும். இன்னும் இரண்டே மாதம் அவர் பொறுத்திருந்தால் போதும்.