சீட்டக்கா கடையில் ஒரு கால் பாக்கி

நகைக்கடைக்காரி ஒருத்தி, தான் விற்ற தோட்டை வாங்கினவள் காதிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள் என்று தெருவில் பேச்சு. தையல்கடையில் விசாரித்தால், காது கிழிந்து இரண்டு தையல் போட்டதாகச் சொன்னார்கள். தையல்கடைக்காரர்களுக்கு எல்லாமே தையல்தான். மருந்துக்கடையில் அது மூன்று தையலும் ஓர் ஊசியுமாக வளர்ந்திருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும் நிதானமான மனிதர். "நான் பார்க்கலைங்க. பார்த்தவர் சொன்னதோட நகல்தான் என்கிட்ட இருக்கு" என்றார்.

நகலைப் பிடித்துக்கொண்டு அசலுக்குப் போவதுதான் முறை. அசல் அடுத்த கதவிலேயே இருந்தது.

எட்டடி அகலக் கடை. இரண்டு பேர் உள்ளே நின்று நகை பார்த்தால், மூன்றாவது ஆள் வாசலில் நின்று வானம் பார்க்க வேண்டும். சுவரோரம் கண்ணாடி அலமாரி, அதில் கறுப்புத் துணி விரித்த தட்டுகள். தட்டிலிருக்கும் ஒவ்வொரு நகையின் கழுத்திலும் நூல் கட்டி ஒரு சின்ன அட்டை. அதில் நீல மையில் செய்தவர் பெயரும், செய்ய எத்தனை நாள் ஆனது என்பதும் எழுதியிருக்கும். இந்த அட்டைச் சீட்டுகளால்தான் கடைக்காரிக்குச் சீட்டக்கா என்று பெயர் வந்தது. கடை திறந்த புதிதில் இரண்டு பேர் உள்ளே வந்து, "அக்கா, மாசம் எவ்வளவு கட்டணும்? ஏலச்சீட்டா, குலுக்கல் சீட்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர் திரும்பிப் போய்விட்டார். இன்னொருவர் மனைவிக்குக் கொலுசு வாங்கிக்கொண்டு போனார்.

சீட்டக்கா அதற்கு முன்னால் பதினேழு வருடம் ஒரு பெரிய நகைக்கடையில் விற்பனைக்கு நின்றவள். நின்றவள் என்றால் நின்றவளேதான்; அங்கே உட்காரக் கூடாது. ஒருநாள் வாங்க வந்தவர் ஒரு வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது யார் கை வேலை?" என்று கேட்டார். மேலாளர் குறுக்கே வந்து, "எங்க கம்பெனி தயாரிப்புன்னு சொல்லும்மா" என்றார். "கம்பெனிக்குக் கை ஏது சார்?" என்று இவள் வாய்தவறிக் கேட்டுவிட்டாள். கம்பெனிக்குக் கை இல்லாமல் இருக்கலாம். வாசலைக் காட்ட விரல் இருந்தது.

வேலையை விட்டு அனுப்பும்போது கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் இந்த எட்டடியைப் பிடித்தாள். ஒரே ஒரு சட்டம் போட்டாள்: செய்தவர் பெயர் இல்லாமல் ஒரு மூக்குத்தி கூட இந்தக் கதவைத் தாண்டாது. அவளுக்கு நகை என்றாலே 'கை'தான். "இது யார் கை?" என்று கேட்டுக்கொண்டேதான் தட்டில் வைப்பாள்.

பதினோரு பேர் அவளை நம்பி நகை செய்து கொடுக்கிறார்கள். இந்தக் கதைக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் பல்லண்ணன். பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை. பகலில் அவர் வார்ப்பது ஊரார் வாய்க்குள் போகும். சாயங்காலம் அதே உலையில் வார்க்கும் வெள்ளி, ஊரார் விரலுக்குப் போகும். இன்னொருத்தி கம்பி. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவள். இயந்திரம் வந்ததும் இவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். செம்புக் கம்பியை முடிபோல மெல்லியதாக இழுத்து, சுருள்சுருளாகச் சுற்றித் தோடு செய்வாள்; அதனால் தெரு வைத்த பெயர் கம்பி, சீட்டில் ஏறுவது சொந்தப் பெயர். கடைக்காரியைவிட இரண்டு வயது மூத்தவள்தான். ஆனாலும் அக்கா என்பாள். அந்தத் தெருவில் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவள் அக்கா.

கம்பி சேரும்போதே ஒரு நிபந்தனை வைத்தாள். "இருபத்திரண்டு வருஷம் ஊரெல்லாம் பேச நான் இணைப்புக் கொடுத்தேன்க்கா. ஒருத்தருக்கும் என் பேர் தெரியாது. 'ஹலோ, ஆபரேட்டர்'. அவ்வளவுதான். இங்க என் பேர் இருந்தா நான் இருக்கேன்."

"இருக்கும்" என்றாள் சீட்டக்கா.

இருந்தது, ஒரு சனிக்கிழமை வரை.

சனிக்கிழமைதோறும் நாத்தனார் கடைக்கு உதவிக்கு வருவாள். உதவி என்பது அவளாக வைத்துக்கொண்ட பெயர். அன்றைக்குத் தட்டுகளைத் துடைக்கிறேன் என்று இறங்கியதில் இரண்டு சீட்டுகள் நூலறுந்து கீழே விழுந்தன. எடுத்துக் கட்டினாள். அன்று மாலையே ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வந்து, நாத்தனாரிடமே செய்தவர் கதையையும் கேட்டுக்கொண்டு, ஒரு செம்புத் தோட்டை வாங்கிப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, கம்பி ஒரு பெண்கள் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி கடைக்குள் வந்தாள். முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் கிடைத்ததாம். விரித்து வைத்தாள். முழுப்பக்கப் படம். தலைமையாசிரியை சிரித்துக்கொண்டிருந்தார், காதில் தோடு.

"அக்கா, இது யார் கை?"

சீட்டக்கா கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிக் குனிந்து பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கம்பி இடதுகைக்காரி. மற்றவர்கள் சுற்றினால் சுருள் ஒரு பக்கமாக ஏறும், இவள் சுற்றினால் எதிர்ப்பக்கமாக ஏறும்.

"உன் கைதான்."

"கீழ யார் பேரு போட்டிருக்கு?"

படித்தாள். "பல்லண்ணன் பேரு."

"எனக்கு எப்பக்கா பல்லு முளைச்சது?"

சீட்டக்கா அலமாரியைத் திறந்து தட்டை உருவினாள். தப்பின் மறுபாதி அங்கேயே உட்கார்ந்திருந்தது: பல்லண்ணனின் வெள்ளி மோதிரம், கழுத்தில் கம்பியின் சீட்டு.

நாத்தனாரைக் கூப்பிட்டு விசாரித்தாள். "சத்தியமா மாத்தலை அண்ணி. விழுந்ததைப் பொருத்தமாத்தான் கட்டினேன். அந்தத் தோடு பல்வரிசை மாதிரி இருந்துச்சு. அப்ப பல்லண்ணன்தானேன்னு..."

"மோதிரம்?"

"மிச்சம் இருந்தது அது ஒண்ணுதானே."

பல்லண்ணனையும் கேட்டாள். மைத்துனன் வீட்டில் எல்லாரும் பத்திரிகையைப் பார்த்துப் பாராட்டியிருக்கிறார்கள். "நான் ஆமான்னு சொல்லலைம்மா. இல்லைன்னும் சொல்லலை. சும்மா பல்லைக் காட்டினேன்" என்றார். தொழில் தர்மம்.

கம்பி கத்தவில்லை. கத்தியிருந்தால் சீட்டக்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளுடைய நகைகளில் இன்னும் தட்டில் ஏறாதவை எல்லாம் கடையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். அதன் மூடியில் விரலால் இரண்டு தட்டு தட்டினாள். "அடுத்த மாசம் இதே பத்திரிகையில என் பேர் வரணும்க்கா. வரலைன்னா டப்பாவை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். எதிர்க்கடைக்காரர் ரொம்ப நாளா கூப்பிடறார்."

கூப்பிடுகிறவர்தான். எதிர்க்கடை முதலாளி மறுநாளே டீ டம்ளரோடு வாசலில் வந்து நின்றார். "பேரு எதுக்கும்மா? மின்னினா போதாதா? அந்தக் கம்பிக்காரி டப்பாவோட வந்தா மொத்தமா எடுத்துக்கறேன். பேர் இல்ல, ஆனா வெல்வெட் பெட்டி உண்டு."

"உங்க போர்டுல உங்க தாத்தா பேரு, அப்பா பேரு, உங்க பேரு, பையன் பேரு, நாலும் இருக்கே சார்?"

"அது விளம்பரம்மா."

"இதுவும் அதேதான் சார்" என்று சொல்லிவிட்டுச் சீட்டக்கா கதவைப் பூட்டினாள். பட்டப்பகலில் பூட்டியது அன்றுதான் முதல் தடவை. பதினோரு பேரும் நம்பியது அவள் எழுதும் அந்த நீல மையைத்தான். அது பொய் என்றால் மிச்சம் இருப்பது எட்டடிச் சுவர்.

பத்திரிகை அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். பதினேழு வருடம் நின்றவளுக்கு உட்காருவது ஒரு தண்டனையா? கடைசியில் உதவி ஆசிரியர் வந்தார்.

"ஒரு தோடுதானேம்மா? இதுக்கெல்லாம் ஒரு திருத்தமா?"

"ஒண்ணு இல்ல சார், ரெண்டு. ஜோடி."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "டீச்சர் சொன்னதைத்தான் நாங்க போட்டோம். அவங்க கையால எழுதிக் கொடுத்தா மாத்திப் போடறோம்."

டீச்சர் குடியிருப்பது மூன்றாம் மாடி. மின்தூக்கி கிடையாது. முதல் தடவை கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே பேசி அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவை உள்ளே விட்டார், உட்காரச் சொன்னார், கேட்டார், முடியாது என்றார். காரணம் சொன்னார், அதில் நியாயமும் இருந்தது.

"பல்லு செய்யறவர் தோடு செஞ்சார்னு சொன்னா நாலு பேர் திரும்பிப் பார்க்கறாங்க. கம்பி சுத்தறவ கம்பி சுத்தினான்னு சொன்னா யாரும்மா பார்ப்பாங்க? ஊரெல்லாம் சொல்லிட்டேன். இப்ப மாத்திச் சொன்னா, வயசாச்சு, டீச்சருக்கு நினைவு தப்புதுன்னுவாங்க."

மூன்றாம் தடவை போனபோது டீச்சர் வெளியே கிளம்பி, தோடு சகிதம் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். சீட்டக்கா இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே மறித்துக்கொண்டாள்.

"டீச்சர், ஒரே நிமிஷம். அசையாதீங்க." தோட்டை இரண்டு விரலால் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். தோடு திரும்பினால் காதும் திரும்பும், காது திரும்பினால் டீச்சரும் திரும்ப வேண்டும்.

"ஐயோ, மெதுவா!"

"இந்த ஜன்னல்ல இருக்கற திருகாணியைப் பாருங்க. இதோ பத்திரிகையில உங்க படம், இப்ப இந்தச் சுருளைப் பாருங்க. ரெண்டும் எதிர் எதிர். இது இடது கை டீச்சர். பல்லண்ணன் வலதுகைக்காரர்."

"இடது கையா? என் வகுப்புல இருந்திருந்தா அடிச்சு மாத்தியிருப்பேன்."

"நல்லவேளை, அவ உங்க வகுப்புல இல்ல."

இந்த நேரம் பார்த்துத் தோளில் தண்ணீர்க் கேனோடு ஒருவர் படியேறி வந்தார். ஒருத்தி இன்னொருத்தியின் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், மற்றவள் ஐயோ என்கிறாள். அவர் கண்டது அவ்வளவுதான். மேலே போய்க் கேனை மாற்றிவிட்டு, காலிக் கேனோடும் நிறைந்த செய்தியோடும் கீழே இறங்கினார். தெருவின் தையல்கள் எல்லாம் அங்கேதான் தொடங்கின.

அவர் பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. சீட்டக்கா கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், ஒரு பிள்ளையோட மார்க்கை இன்னொரு பிள்ளை பேர்ல போட்டுட்டீங்கன்னு வைங்க. முடிவும் வெளியாயிடுச்சு. என்ன பண்ணுவீங்க?"

டீச்சர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சற்றுநேரம் அதன் கொக்கியைத் திறந்து திறந்து மூடினார்.

"பண்ணியிருக்கேன்" என்றார். "ஒரே தடவை. மாத்தலை. மாத்தினா பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேருன்னு சொன்னாங்க. அந்தப் பொண்ணு முகம் இன்னும் ஞாபகம் இருக்கு. பேருதான் மறந்துபோச்சு."

சீட்டக்கா அவர் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

டீச்சர் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ஓய்வுபெற்று ஆறு வருடமாகியும் அது பையில் இருந்தது. மடியில் வைத்தே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 'பிழை என்னுடையது' என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டார். "பிழை என் கடையோடது டீச்சர்" என்று சீட்டக்கா சொல்லிப் பார்த்தாள். "விடைத்தாளைத் திருத்தறது யாரு, நீயா நானா?" என்று அதட்டல் வந்தது.

அடுத்த மாத இதழ் வந்தது. கம்பி, டீச்சர், சீட்டக்கா மூவரும் எட்டடிக் கடைக்குள் நெருக்கியடித்து நின்று பக்கம் புரட்டினார்கள். வாசலில் நாத்தனார் வானம் பார்த்தாள். முப்பத்தெட்டாம் பக்கத்தில், முகப்பருவுக்கான குறிப்புக்குக் கீழே, எறும்பு எழுத்தில் திருத்தம் இருந்தது. தோடு செய்தவர் கம்பிதான் என்று இருந்தது. கம்பியின் சொந்தப் பெயரும் இருந்தது. ஆனால் பெயரின் நடுவில் வர வேண்டிய துணைக்கால் மட்டும் இல்லை. நெடில் குறிலாகி, கம்பி வேறு யாரோ ஆகியிருந்தாள்.

சீட்டக்காவின் கண் பிஸ்கட் டப்பாவுக்குப் போனது.

"கையைக் கொடுத்துட்டாங்க" என்றாள் கம்பி, மெதுவாக. "காலை வாரிட்டாங்க."

முதலில் சிரித்தது டீச்சர். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கம்பி சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்தாள், சிரித்துக்கொண்டே எண்ணினாள். மொத்தம் நாற்பது உருப்படி. அதில் பத்தை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

"முக்கால் பேர் வந்துடுச்சுக்கா. முக்கால் டப்பா இங்கேயே இருக்கட்டும். கால் வந்தா கால் வரும்."

"எதிர்க்கடைக்குப் போகுமா?"

"வீட்டுக்குத்தான் போகுது. உங்களுக்குச் சொன்ன வாக்கு எனக்கு நினைவு இருக்கு. நீங்க எனக்குச் சொன்னது உங்களுக்கு இருக்கட்டும்."

அன்றே சீட்டக்கா பத்திரிகைக்குக் கடிதம் போட்டாள். டீச்சர் முப்பத்தெட்டாம் பக்கத்தைக் கிழித்து, சிவப்பில் சுழித்து, ஓரத்தில் 'ஒன்பதரை / பத்து' என்று மதிப்பெண் போட்டு உடன் வைத்தார். பதில் இல்லை. மறுமாதம் இன்னொரு கடிதம். உதவி ஆசிரியர் தொலைபேசியில், "ஒரு கால்தானேம்மா" என்றார். "உங்க கால்ல ஒண்ணைக் குறைச்சுக்கிட்டு நடந்து வாங்க சார், பேசலாம்" என்றாள் இவள். ஏழு கடிதம் போயிருக்கிறது. எட்டாவது கல்லாவுக்குப் பக்கத்தில், உறை ஒட்டித் தயாராக இருக்கிறது.

ஆக, காது பத்திரம். தையலும் இல்லை, ஊசியும் இல்லை. போனால் பார்க்கலாம், நடுத்தட்டில் அந்தப் பத்து நகைக்கென்று ஒதுக்கிய இடம் காலியாகக் கிடக்கும். அங்கே கறுப்புத் துணிமேல் ஒரே ஒரு சீட்டு, நீல மையில், துணைக்காலோடு, முழுப்பெயர். பெயர் இல்லாத நகையை விற்கமாட்டேன் என்றவள், நகை இல்லாத பெயரைத் தினமும் துடைத்து வைக்கிறாள். இதற்கு என்ன விலை என்று யாராவது கேட்டால், "அது விற்பனைக்கு இல்லைங்க. ஒரு கால் பாக்கி, வரணும்" என்கிறாள்.