மாலை போட்ட விமானம்

என் வீட்டுக்காரருக்கு மூளை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நிறையவே இருந்தது. அவர் அப்பா எதிரே வந்துவிட்டால் மட்டும் அதைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி விட்டுவிடுவார்.

யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள் அவை. மெட்ராஸுக்குப் போய் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தவர், எங்கள் பஞ்சுக் கிட்டங்கியில் சொந்தமாக ஒன்றைச் செய்ய உட்கார்ந்தார். சீமைப் பத்திரிகையில் வந்த படம், பழைய மோட்டார் கார் எஞ்சின், மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டின துணி. பசை நாற்றத்துக்கு நடுவில் நான் கொண்டுபோகும் சோற்றை என்ன ஏதென்று பார்க்காமல் விழுங்குவார். ஊர் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அது பறந்துவிட்டது. நாகமலைப் பக்கம் எங்கள் பொட்டலில் தனியாகவே சில தடவை ஏறிப் பத்திரமாக இறங்கினார்.

அதற்குப் பிறகுதான் மாமனாருக்கு அது தன் வீட்டு வாகனம் என்று உறைத்தது. அதுவரை தகர டப்பா என்றவர் இப்போது நல்ல நாள் பார்த்தார். பூசணிக்காய் உடைத்தார், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். புது வாகனத்தில் வீட்டு மருமகள் ஏறினால்தான் விளங்குமாம். கைப்பிள்ளையை மாமியார் வாங்கிக்கொள்ள, பட்டுச்சேலையோடு என்னை முன் இருக்கையில் திணித்தார்கள்.

கடைசியாக, அம்மன் கோயிலில் வைத்துக் கொண்டுவந்த ஆளுயர மாலையை விசிறிக்குப் பின்னால் எஞ்சினைச் சுற்றி மாமனாரே கட்டினார். ஊர்ப் பெரிய மனுஷர் அல்லவா, நாலு முடிச்சு போட்டார்.

"என்னங்க, காத்துல பிஞ்சு உள்ள போயிராதா?" என்றேன் வீட்டுக்காரரிடம், தணிந்த குரலில்.

அவர் எட்டிப் பார்த்தார். எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் எங்கே என்று அவருக்கா தெரியாது? முகம் வெளுத்துப்போயிற்று.

"போகும்தான். அப்பா கட்டுனதாச்சே, நான் எப்பிடி அவுக்குறது?"

பெற்ற பிள்ளை கீழே பாட்டி இடுப்பில் இருக்கிறது, கட்டினவள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இவருக்கு முடிச்சை அவிழ்க்கக் கை வரவில்லை.

ஏறினோம். கொஞ்ச உயரம் போனதுமே மல்லிகை பிய்ந்து என் முகத்தில் அடித்தது. எஞ்சின் இருமியது, திணறியது, நின்றது. காற்றுச் சத்தம் மட்டும்தான். என் பிள்ளை இனி யாரிடம் வளரும் என்று நினைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, பதறாமல்தான் இறக்கினார். வற்றிக்கிடந்த கண்மாயில் மோதி, ஒரு சக்கரம் முறிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றோம்.

இறங்கினதும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எஞ்சினிடம் போனார். அதன் வாயில் விரலை விட்டு, பெட்ரோலில் ஊறின பூவைக் கொத்தாகப் பிடுங்கி எடுத்தார். அதற்குள் மாமனார் மூச்சிரைக்க ஓடி வந்துவிட்டார். மகன் கையிலிருந்த பூவைப் பார்த்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அம்மன் பூவுடா! இதுதான் உங்க ரெண்டு பேர் உசுரையும் காப்பாத்திருக்கு!"

"ஆமாப்பா," என்றார் இவர்.

ஆகாயத்தில் சாகத் துணிந்த மனுஷன்! மாமனார் அந்தப் பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றி, "தலையில வச்சுக்க தாயி" என்று என்னிடம் நீட்டினார்.

"வேண்டாம் மாமா. எஞ்சினை நிறுத்துனதே இந்தப் பூதான். உங்க மகனுக்கு ஏறும்போதே தெரியும், கேட்டுப்பாருங்க."

மாமனார் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தார்.

"அப்பாகிட்ட இப்பிடியா பேசுறது?"

தரைக்கு வந்த பிறகு அவர் என்னிடம் பேசின முதல் பேச்சு அது.