புதுத் தரையில் பரப்பிய காய்

போடிநாயக்கனூரில் தரை விரிப்பு விற்கும் கடைக்கு ஒரு கைப்பிடி ஏலக்காயோடு போன முதல் ஆள் என் அம்மாவாகத்தான் இருக்கும். கடைக்காரர் மரப்பலகை மாதிரி, பளிங்கு மாதிரி, பூப்போட்டது என்று வினைல் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொரு துண்டின் மேலும் நாலைந்து காயை உருட்டிவிட்டுக் குனிந்து பார்த்தாள். பச்சைக் காய், வெளுத்த காய், வெடித்த காய் மூன்றும் எதன்மேல் சட்டென்று பிரிந்து தெரிகிறதோ அதுதான் அவளுக்கு வேண்டும். நான் நீலப் பூப்போட்டதைக் கட்டிப்பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். கடைசியில் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி, ஒரு கோடுகூட இல்லாத வெள்ளை விரிப்பை எடுத்தாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. அதை அவள் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

எங்கள் ஊரில் காய் என்றால் ஏலக்காய்தான். அம்மா முன்பு போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் காய் எடுத்தவள். சரிவில் நாள் முழுக்கக் குத்தவைத்து, செடியின் தூரில் கைவிட்டு எடுத்து எடுத்து, முட்டி தேய்ந்துவிட்டது. இனி மலையேறக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, காய் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் வீட்டுக்கே மூட்டை அனுப்பத் தொடங்கினார். அம்மா தரையில் பரப்பி உட்கார்ந்து தரம் பிரித்துக் கொடுப்பாள். ஆனால் எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையின் குளிர் முட்டியில் ஏறி, சாயங்காலம் அவளை இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. தரை மெத்தென்று இருந்தால் இந்த வேலையாவது நிலைக்கும், இல்லாவிட்டால் மறுபடி மலைதான் என்று, எஸ்டேட் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா முடிவு செய்தார். வினைல் வீட்டுக்கு வந்த கதை இதுதான்.

ஒட்டுவதற்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. மலைமேல் இருக்கும் தங்கும் விடுதிகளுக்கெல்லாம் தரை போடுகிறவர் என்பதால் கொஞ்சம் பந்தா உண்டு. தரை வெடிப்புகளைச் சுரண்டச் சொன்னார். உள்ளே காயிலிருந்து உதிர்ந்த பல வருஷத்து ஏலரிசி கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தது. பூசி, காயவிட்டு, ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் ஒட்டி வைத்தார். மறுநாள் தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர். ஈரம் இன்னும் போகவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாலு நாள் கழித்து வந்துதான் விரிப்பை அளந்து வெட்டினார், சுவரோரம் கொஞ்சம் சந்து விட்டு ஒட்டினார், உருளையை வைத்துத் தேய்த்தார். முடிந்ததும் ஆபரேஷன் பண்ணிய டாக்டர் போலப் பேசினார். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. துணியைப் பிழிந்து துடைக்க வேண்டும். பீரோவை இழுக்கக் கூடாது.

"எல்லாத்துக்கும் மேல, அக்கா, ஒரு வாரத்துக்குச் சன்னல அடைக்காத. காய மட்டும் உள்ள கொண்டாந்துறாத. பசை நாத்தத்த அப்படியே குடிச்சிரும்."

அம்மா பாய்க்கு ஆள் விட்டு, ஒரு வாரம் மூட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நாலாம் நாள் சனிக்கிழமை. அம்மா சிலமலையில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தாள். பாயிடம் புதிதாகச் சேர்ந்திருந்த மூட்டை தூக்குகிற அண்ணன் வந்து அரை மூட்டைக் காயை வாசலில் இறக்கினார். அவசரக் காயாம், பக்கத்து வீட்டில் வைத்துப் பிரிக்கச் சொன்னாராம் பாய். சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. சிறிது நேரத்தில் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு சாரல் வந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. காய் நனைந்தால் போச்சு என்பது தெரியும். மூட்டையை உள்ளே இழுத்தேன். வழுவழுத் தரையில் அது சமர்த்தாக வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். அம்மா வருவதற்குள் பரப்பி வைத்தால் சந்தோஷப்படுவாள் என்று தோன்றியது. மாமா சொன்னது மறக்கவில்லை. ஒரு வாரத்தில் பாதிக்குமேல் ஆகிவிட்டதே என்று கணக்குப் போட்டேன். காய்க்கு ஈரக்காற்று ஆகாது என்று எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே சன்னல்களையும் இறுக்கி அடைத்தேன். வெள்ளைத் தரையில் பச்சைக் காய் அத்தனை அழகாக இருந்தது. நீலப் பூவை அன்றைக்குத்தான் மறந்தேன்.

சாயங்காலம் அம்மா கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ஒரு காயை எடுத்துக் கடித்து, உள்ளங்கையில் துப்பினாள். யார் பரப்பியது என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு நாக்கு புரண்டுவிட்டது. அந்த அண்ணன்தான் உள்ளே கொண்டுவந்து கொட்டினார் என்றேன். அம்மா தரையைப் பார்த்தாள். சாண் அகலத்துக்கு ஒரு பாத்தி, நடுவில் கால் வைக்கச் சந்து, மறுபடி ஒரு பாத்தி. அவள் பரப்புகிற அதே முறை. "சரி" என்றாள். சன்னல்களைத் திறந்துவிட்டுக் காயை அள்ளத் தொடங்கினாள்.

இரண்டு நாள் மொட்டைமாடியில் ஆறப்போட்டும் பசை நாற்றம் போகவில்லை. பாயின் சரக்குக் கிட்டங்கியில் இருக்கிற மூட்டைகளோடு கலந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார் மாமா. வாங்குகிறவன் காயை உடைத்து மோந்துதான் விலை சொல்லுவான், ஒரு மூட்டை நாறினால் எல்லா மூட்டையும் நாறும் என்று அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. மூட்டையையும் என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனாள்.

அங்கே அந்த அண்ணன் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா இப்போது அவரைக் காட்டப்போகிறாள், அவர் இல்லையென்பார், எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள்.

பாய் ஒரு காயை நசுக்கி மோந்தார். மறுபடி மோந்தார். "யாரும்மா இத அந்தத் தரையில போட்டது?"

"நான்தான் பாய். சாரல் வந்துச்சு, பரப்பிட்டேன்."

"இத்தன வருசமா காயில கை வச்ச ஆளு. ஒனக்கா தெரியாது?"

பாய் கோபப்படவில்லை. இந்தச் சீசனுக்கு வேண்டாம்மா, வீட்டு வாசம் போகட்டும், பிறகு பார்ப்போம் என்றார். அந்த அண்ணன் மூட்டையை ஆட்டோவிலிருந்து இறக்கிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அம்மா விடியுமுன் அப்பாவின் ஜீப்பில் மற்றப் பெண்களோடு மலைக்குப் போனாள். அந்தச் சீசன் முழுக்கப் போனாள். வீட்டில் வெள்ளைத் தரை எனக்கே எனக்கென்று காலியாகக் கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காலுறையோடு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை சறுக்குவேன். நான் சொன்னதை அம்மா நம்பிவிட்டாள், அப்புறம் கிட்டங்கியில் அதை மறந்து ஏதோ உளறிவிட்டாள் என்றுதான் முடிவுகட்டியிருந்தேன். இப்படி ஒரு ஏமாளியாக இருக்கிறாளே என்று அவள்மேல் எனக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. அதனால் சாயங்காலங்களில் அவள் காலை நீட்டி உட்கார்ந்ததும், பெரிய மனசு பண்ணி, முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன்.

கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருப்பாள். பிறகு என் கையை மெல்ல எடுத்துவிட்டு, "போதும் ஆத்தா, நீ போயி வெளாடு" என்பாள்.

நானும் போய்ச் சறுக்கி விளையாடினேன்.