கப்பல் கத்தியும் கமான் கத்தியும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். ஆனால் இரும்பைப் பற்றி என்னிடம் கேளுங்கள். அறுபதுகளின் கடைசியில் குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரைக்கும் எந்த ஓட்டல் அடுப்படியில் நுழைந்தாலும், எந்தக் கறிக்கடையை எட்டிப் பார்த்தாலும், அங்கே கிடப்பது நான் அடித்த கத்தியாகத்தான் இருக்கும். மேற்குத் தாம்பரத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை, நானாகப் போட்டது.

கத்தி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். பழைய அரத்தை அடித்துக் கத்தி செய்தால் மீசையே வழிக்கலாம், அத்தனை கூர்மை. கை தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தால் பிஸ்கோத்து மாதிரி இரண்டாகப் போகும். பேரிங் வளையத்தில் செய்தது கூர் நிற்கும், அடியும் ஓரளவு தாங்கும், வளையச் சொன்னால் மட்டும் கேட்காது. எவர்சில்வரில் இரண்டு ஜாதி உண்டு என்பது படித்தவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. தட்டு, டம்ளர் செய்கிற ஜாதியில் காந்தம் ஒட்டாது. வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும். எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் பதம் ஏறாது, இறுகாது. கத்திக்கென்று வருகிற ஜாதி வேறு. அதில் பதமும் ஏறும், காந்தமும் ஒட்டும்.

எனக்குப் பிடித்தது லாரிக்கு அடியில் சுமை தாங்குகிற கமான் பட்டைதான். பிறந்ததிலிருந்து வளைந்து வளைந்து நிமிர்ந்த இரும்பு அது. என் கத்தியை, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் மாட்டி ஒரு சாண் வளைத்து விட்டால் 'டங்'கென்று நேராகிவிடும். வாடிக்கைக்காரர் கண்ணெதிரே இதைச் செய்து காட்டாமல் நான் ஒரு கத்தியும் விற்றதில்லை.

உடைந்த பட்டைகளைக் கொண்டுவந்து போடுவது என் மச்சான், என் வீட்டுக்காரியின் தம்பி. திரிசூலம் மலையிலிருந்து ஜல்லி ஏற்றுகிற லாரிக்கு டிரைவர். மலைச் சரிவில் பின்பக்கமாகவே லாரியை இறக்குவான். மற்ற டிரைவர்கள் நின்று பார்ப்பார்கள். அந்த வேலைதான் அவனுக்குச் சோறு, அந்த வேலைதான் அவனுக்குக் கௌரவம். என் கத்தியைப் பற்றி நான் பேசுவது போதாதென்று அவன் வேறு ஊரெல்லாம் பேசிவைப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வியாபாரம் முடிந்த கையோடு கறிக்கடை பாய் வந்தார். துணியில் சுற்றிய ஒரு கத்தியை எடுத்துப் பலகையில் வைத்தார். மூர் மார்க்கெட்டில் வாங்கியதாம். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது.

"கப்பல்ல வந்த சீமை சாமான் அண்ணாத்தே. துரு புடிக்காது. உன் கத்தி இதுகிட்ட நிக்குமா?"

மச்சான் அப்போதுதான் லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்திருந்தான். எனக்கு முன்னால் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பாய், இன்னா பேசிகினு கீற? மூஞ்சி பாத்துப் பவுடர் அடிச்சுக்கலாம், அதுக்கு வேணா ஆவும் உன் கத்தி."

"வாய்க்கு வாய் வெச்சுப் பாத்துடலாமா?"

"வெய்யி. மாமா, எடு நம்ம கத்தியை."

எங்கள் பக்கத்துக் கறிக்கடைக்காரர்களிடம் இருந்த வழக்கம் இது. இரண்டு கத்தியில் எது உசத்தி என்று பேச்சு வந்தால், ஒன்றைக் கூர் மேலே தெரிய வைஸில் இறுக்கிவிட்டு, மற்றதால் அந்தக் கூரின் மேலேயே ஒரு வெட்டு. எதில் பள்ளம் பெரிதோ அது தோற்றது. கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாருக்குத் தோன்றியது? பாய் தன் கத்தியைத் தானே வைஸில் மாட்டினார். மச்சான் என் கத்தியை ஓங்கி இறக்கினான்.

சத்தம் நன்றாகத்தான் இருந்தது. மச்சான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இடது கண்ணைப் பொத்திக்கொண்டான்.

"தூசி போல கீது மாமா. ஊது."

ஊதினேன். கருவிழியில் ஒரு சின்னக் கீறல், அவ்வளவுதான். ரத்தம்கூட இல்லை. திரும்பி வைஸைப் பார்த்தேன். கப்பல் கத்தியின் கூரில் நகம் வெட்டியதுபோல் ஒரு பிறை காணாமல் போயிருந்தது. என் கத்தியில் கூர் லேசாக மடங்கியிருந்தது, எதுவும் உதிரவில்லை. காணாமல் போன துண்டைத் தரையில் தேடினேன். தேடிக்கொண்டிருக்கும்போதே அது எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது.

எலக்ட்ரிக் டிரெயினில் எழும்பூருக்குக் கூட்டிப்போனேன். பாய் கூட வந்தார். மீனம்பாக்கம் தாண்டும்போது மச்சான் கேட்டான்.

"யாரு ஜெயிச்சது மாமா?"

"நம்மளுதுதான்."

"நான் சொல்லல?" என்று பாயின் தொடையில் தட்டினான். கையை மட்டும் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். துண்டு கண்ணுக்கு உள்ளே போயிருந்தது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்ன இரும்புங்க அது? காந்தத்துக்கு வருமா?"

கத்தி கொட்டகையில், வைஸில் மாட்டினபடி கிடந்தது. அதில் காந்தம் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. நான் யோசித்தேன். துரு பிடிக்காது என்றால் எவர்சில்வர், அதில் எந்த ஜாதி? உதிர்ந்து தெறித்தது என்றால் அது பதம் ஏறிய இரும்பு. பதம் ஏறுகிற ஜாதி என்றால் காந்தம் ஒட்டும்.

"வரும்மா. வளையுற ஜாதியா இருந்தா தெறிச்சிருக்காது. தெறிச்சதால சொல்றேன், வரும்."

"நல்லது. எடுத்துடலாம். ஆனா உள்ளே நிறையக் கிழிச்சிருக்கு, பார்வையைப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாது."

ஆள் குறைவாக இருந்ததால் தலையைப் பிடித்துக்கொள்ள என்னையே உள்ளே விட்டார்கள். பீரங்கி மாதிரி ஒரு காந்தம், முனை மட்டும் கூம்பாக இருந்தது. கமான் பட்டையை வளைக்கிற என் கைகள் இரண்டும் அவன் தலையை அசையாமல் பிடித்திருந்தன. சுவிட்சைப் போட்டதும் அவன் உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப்போட்டது. "மாமா, மாமா" என்றான். பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறெதுவும் எனக்குச் செய்யத் தெரியவில்லை. முனையில் எள்ளில் பாதிகூட இல்லாத ஒரு துணுக்கு வந்து ஒட்டியது.

நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இரும்பு விஷயத்தில் நான் தவறியதே இல்லை.

கண்கட்டை அவிழ்த்த அன்று டாக்டரம்மா அவன் வலது கண்ணை மூடிவிட்டு விரலைக் காட்டினார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, "வெளிச்சம் தெரியுதும்மா" என்றான். விரலைக் காட்டியது அவனுக்குத் தெரியவே இல்லை. வராந்தாவில் என் வீட்டுக்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் கத்திக்கு இன்னாய்யா, இது மாதிரி நூறு அடிப்ப. அவன் கண்ணை எந்த உலையில போட்டு அடிப்ப?"



லாரி முதலாளியிடம் நானே பேசுகிறேன் என்று மச்சானைக் கூட்டிக்கொண்டு, அவன் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு பல்லாவரம் போனேன். என் பேச்சில் எத்தனையோ பேர் மசிந்திருக்கிறார்கள். ஒரு கண்ணாலேயே இவன் மற்றவர்களைவிட நன்றாக ஓட்டுவான், நான் பொறுப்பு என்றேன். அந்த மனிதர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றதெல்லாம் நிஜம் சார். சரிவுல பள்ளம் எவ்ளோ தூரம்னு ஒத்தக் கண்ணுக்குத் தெரியாது. கீழ கல்லு உடைக்கிற பொம்பளைங்க உக்காந்துகினு இருக்காங்க. நீங்களே சொல்லுங்க, அனுப்பட்டுமா?"

அனுப்புங்கள் என்று எப்படிச் சொல்வது? மச்சானே எழுந்து, தன்னிடம் இருந்த இன்னொரு சாவியை மேஜைமேல் வைத்தான்.

வெளியே புது டிரைவர் மச்சான் ஓட்டிய லாரியைக் கிளப்ப முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். மச்சான் படியில் கால் வைத்தான். முதல் தடவை கைப்பிடி சிக்காமல் காற்றைப் பிடித்தான், அடுத்ததில் பிடித்து ஏறினான். "ரெண்டாவது கியர் கொஞ்சம் அடம் புடிக்கும் அண்ணே, லேசா தூக்கிப் போடணும்" என்று அவர் கையின் மேல் தன் கையை வைத்துப் போட்டுக் காட்டினான். லாரி நகர்ந்தது. அவனை இறக்கிவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். தெருமுனை வரைக்கும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தபடியே போனான். நான் அவன் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.