மனுசன் வியாழக்கிழமை சாப்பிட்ட இடம்

மார்ச் மாதம், வியாழக்கிழமை, காலை பத்து இருபது. கார்ஜ்-சார்செல் நிலையத்தில் ஆர்.ஈ.ஆர். டி ரயில் ஏறினேன். சீட்டு இரண்டு யூரோ ஐம்பது சதம். கார் து நோர் நிலையம் வரை கால் மணி நேரம். மற்றவர்கள் விமானம் ஏறிப் போய்ப் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய், பின்னேரத் தேத்தண்ணிக்கு வீடு திரும்பக்கூடிய இடத்தைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் பிரான்சுக்கு வந்து முப்பத்தொரு வருடமாகியும் நான் கால் வைக்காத இடம் அது. என் மனுசன் மட்டும் வாரா வாரம் போய்வந்திருக்கிறார், என்னிடம் மூச்சு விடாமல்.

மனுசன் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டைத் திவசம். அதற்கு முன்பு அவருடைய குளிர்கோட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்து உதறினேன். உட்பையிலிருந்து ஒரு கடைத் துண்டு விழுந்தது. மை மங்கிப்போயிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். மேலே ஒரு சாப்பாட்டுக்கடையின் பெயர், பிலிப்பீன் சமையல், பாரிஸில் ஸ்டாலின்கிராட் பக்கத்து விலாசம், ஒரு வியாழக்கிழமைத் திகதி. கீழே ஒரு சாப்பாடு, பதினொரு யூரோ ஐம்பது. என்ன சாப்பாடு என்று போடவில்லை.

இதிலே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பதினொரு வருடத்துக்கு முன்பு மனுசனுக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். ஆறு மணி நேரம் நான் ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து அம்மனோடு பேரம் பேசினேன். இந்த மனுசனைத் திருப்பித் தா, இனி எங்கள் வீட்டில் இரண்டு பேரும் மச்சம் மாமிசம் தொடமாட்டோம் என்று. அம்மன் தந்துவிட்டாள். அவர் கண் விழித்ததும் விஷயத்தைச் சொன்னேன். மூக்கில் குழாயோடு "ஓம், சரி" என்றார். வேறு என்ன சொல்வார், எழும்பி ஓடவும் முடியாது. அன்றிலிருந்து பருப்பு, சாம்பார், கத்தரிக்காய். அவர் முகம் சுளித்து ஒரு நாளும் நான் காணவில்லை.

பிறகு அவர் செத்த எட்டாம் நாள் வந்தது. எங்கள் வழக்கத்தில் எட்டு அன்று, செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும். மீன், நண்டு, இறைச்சி, குடிக்கிற ஆளாக இருந்தால் சாராயமும். ஒருவருக்கு ஒரு எட்டுத்தான். தவறினால் தவறினதுதான். அன்று அவருடைய தங்கை பரிமளம், என் மச்சாள், பொண்டி என்கிற புறநகரிலிருந்து, அவருக்கு உயிரான ஆட்டு இரத்த வறை ஒரு சட்டியோடு வந்து வாசலில் நின்றாள். நான் சட்டியை உள்ளே விடவில்லை. நேர்த்தி நேர்த்திதான் என்றேன். மனுசனுக்குச் சாம்பாரும் வாழைக்காய்ப் பொரியலும் படைத்தேன். மச்சாள் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்ப ரயிலேறினாள். பிறகு என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். அந்தக் கடைத் துண்டைப் படமெடுத்து அவளுக்குத்தான் அனுப்பினேன். "நானும் வாறன்" என்று பதில் வந்தது.

பத்து ஐம்பது. கார் து நோரில் தானியங்கிக் கதவுக்கு வெளியே மச்சாள் நின்றாள். இருபது வருடம் பள்ளிக்கூடக் கன்டீனில் வேலை செய்தவள். யாரைப் பார்த்தாலும் தட்டை நீட்டு என்று சொல்லப்போகிற முகம். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன மச்சாள், நல்ல சீலையாக் கட்டியிருக்கிறியள்? கலியாண வீட்டுக்கே போறம்?"

"அங்கை ஒரு பிலிப்பீன் பொம்பிளை இருந்தால் என்னைக் குறைவா நினைக்கக் கூடாதெல்லோ."

"இருந்தால் என்ன செய்வியள்?"

"கிழவனோடை எப்பிடிச் சமாளிச்சனீ எண்டு கேப்பன்."

மச்சாள் சிரிக்கவில்லை. "எனக்கு ஒண்டுதான் தெரிய வேணும். என்ரை அண்ணையை நீங்கள் பட்டினியா அனுப்பினனியளோ இல்லையோ. அவர் உண்மையாவே மரக்கறிக்கு மாறியிருந்தால், அண்டைக்கு வாசல்லை நிண்டு கத்தினதுக்கு நான் உங்களிட்டை மன்னிப்புக் கேக்கிறன். இல்லையெண்டால் நீங்கள் கேக்க வேணும்."

"உங்களிட்டையோ?"

"என்னட்டை ஏன்? அவரிட்டை."

அதற்குப் பிறகு எனக்கும் பகிடி வரவில்லை.

பதினொன்று ஐந்து. எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவில் வழக்கமான நெரிசல். முருங்கைக்காய் கிலோ ஏழு தொண்ணூறு. மனுசன் வியாழக்கிழமைகளில் "மரக்கறி வாங்கியண்டு வாறன்" என்று இங்கேதான் வருவார். பையில் முருங்கைக்காயும் வாயில் ஏலக்காய் வாசமுமாகத் திரும்புவார். எழுபது வயதில் ஏலக்காய் மென்றுகொண்டு வீட்டுக்கு வருகிற ஆளைப் பற்றி எந்தப் பெண்சாதியும் கொஞ்சம் யோசிப்பாள். நானும் யோசித்தேன். ஆனால் என் யோசனை பன்றி இறைச்சிப் பக்கம் போகவில்லை.

அங்கிருந்து ஸ்டாலின்கிராட் பக்கமாக, மேலே மெட்ரோ ஓடுகிற பாலத்தின் கீழே பத்து நிமிட நடை. என் முழங்காலுக்கு இருபது. ஒரு குறுக்குத் தெருவில் சலவைக் கடைக்கு அடுத்ததாக அந்த இடம். ஆறு மேசை. கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாகக் கறிகள் சூட்டில் இருந்தன. பெயர் வாசிக்கத் தேவையில்லை. விரலால் காட்டினால் போட்டுத் தருவார்கள். அவர்கள் ஊரிலும் அப்படித்தானாம். வாசிக்கத் தெரியாத சனத்துக்கு இதைவிட மரியாதையான ஒரு கடையை நான் பார்த்ததில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் நின்றவள் மரிசெல், கடைக்காரியின் மகள், முப்பது வயது இருக்கும். ஒவ்வொரு தட்டாகக் காட்டிச் சொன்னாள். அடோபோ: பன்றி இறைச்சியை வினாகிரிக் காடியிலும் சோயாவிலும் உள்ளிப்பூண்டோடு வற்ற வைத்தது. சினிகாங்: புளிக் கரைசலில் விலா எலும்பும் முள்ளங்கியும் கீரையும், எங்கள் ரசத்துக்குள் இறைச்சி தவறி விழுந்தது போலக் கிடந்தது. கரே-கரே: மாட்டு வாலைக் கச்சான் கடலை அரைத்த குழம்பில் அவித்தது. பிறகு லும்பியா என்கிற சுருட்டுப் பலகாரம், பன்சிட் என்கிற நூடுல்ஸ். நான் மூக்கால் சாப்பிட்டேன். மச்சாள் கண்ணால் சாப்பிட்டாள்.

"இதிலை எதை அவர் திண்டிருப்பார்?" என்று என் காதுக்குள் கேட்டாள்.

நான் கைத்தொலைபேசியில் இருந்த மனுசனின் படத்தை மரிசெலிடம் நீட்டினேன். அவள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு குசினிப் பக்கம் திரும்பித் தாயைக் கூப்பிட்டாள்.

தாய் லூர்து வந்தாள். என் வயதுதான், என்னைவிட அரை முழம் குள்ளம். படத்தைப் பார்த்ததும் "மிசியு ஜெதி" என்றாள். வியாழக்கிழமைக்காரர் என்று அர்த்தம். பிறகு என் கையைப் பிடித்துக் காசு வாங்கும் மேசையடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே சுவரில் ஒரு சின்ன மாதா சுரூபம். அதற்குப் பக்கத்தில், சுவரில் ஒட்டப்பட்டிருந்தது என் மனுசனுடைய மரண அறிவித்தல். லா சப்பல் கடைக் கண்ணாடிகளில் எங்கள் ஆட்கள் ஒட்டுகிறார்களே, அதே தாள். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் அவர். தாளில் சோயா தெறித்த புள்ளிகள் இருந்தன.

அவளுடைய பிரெஞ்சும் நொண்டி, என்னுடையதும் நொண்டி. இரண்டும் ஒரே வேகத்தில் நடந்ததால் எங்களுக்கு நன்றாக விளங்கியது. அதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"மூண்டு வியாழன் வரேல்லை," என்றாள் லூர்து. "பிறகு மரக்கறிக் கடைக் கண்ணாடியிலை அவரைக் கண்டன். உங்கடை எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் விளக்குக்கும் பூவுக்கும் நடுவிலை ஒராளின்ரை படம் இருந்தால் வாசிக்கத் தேவையில்லைத்தானே. கடைக்காரரைக் கேட்டுத்தான் பேரையும் திகதியையும் அறிஞ்சனான். ஒரு தாளையும் வாங்கிக்கொண்டு வந்தனான். எங்கடை ஆக்கள் நாப்பதாம் நாள் செத்தவைக்குச் சாப்பாடு வைப்பினம். அந்த யன்னலோரத்து மேசை அவரின்ரை. அதிலை வைச்சம்."

"என்ன வைச்சனீங்கள்?" மச்சாள் என்னை முந்திக்கொண்டு கேட்டாள்.

லூர்து எங்களைக் கண்ணாடியின் கடைசித் தட்டுக்குக் கூட்டிப்போனாள். கறுத்த குழம்பு. மேலே நீட்டுப் பச்சை மிளகாய் கிடந்தது. தினுகுவான் என்று பெயர். பன்றி இறைச்சியைப் பன்றி இரத்தத்திலேயே வினாகிரி விட்டுக் காய்ச்சுவது.

மச்சாள் வாயைத் திறப்பாள் என்று நான் காத்திருந்தேன். வெல்ல ஒரு வருடம் காத்திருந்தவள். அவள் பக்கத்துக் கதிரையை இழுத்து இருந்தாள். "ரத்தம், மச்சாள்," என்றாள். அவ்வளவுதான்.

"முதல் நாள் வந்தவர் இதைத்தான் காட்டினார்," என்றாள் லூர்து. "உங்களுக்கு ஒத்துவராது, ரத்தம் எண்டனான். அதுக்குத்தான் கேக்கிறன் எண்டார். கையாலை சாப்பிட்டார். எங்கடை வாடிக்கைக்காரர் கரண்டியும் முள்ளும் பிடிக்கிறவை. அவரைப் பாத்து அவையளும் கையாலை சாப்பிட்டினம். தன்ரை தங்கச்சி ஆட்டு ரத்தத்திலை இப்பிடிச் செய்யிறவள் எண்டு சொன்னார். அப்ப அங்கை போய்ச் சாப்பிடலாமே எண்டு கேட்டனான்."

"என்ன சொன்னவர்?" என்றாள் மச்சாள்.

"அவள் சந்தோசத்திலை எல்லாருக்கும் சொல்லிப்போடுவாள், பிறகு என்ரை மனிசியோடை சண்டைக்குப் போவாள் எண்டார்."

"போயிருப்பன்தான்," என்றாள் மச்சாள், மூக்கைத் துடைத்தபடி.

நான் கேட்க விரும்பாத கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது. கேட்டேன். "என்னைப் பற்றி?"

லூர்து யன்னலோரத்து மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மனிசி சாமியோடை கதைச்சு என்ரை உயிரை வாங்கினவள் எண்டார். இதை அறிஞ்சால் கோபிக்க மாட்டாளாம். நாளைக்குச் சாமி உயிரைத் திருப்பிக் கேக்குமெண்டு பயந்து, நித்திரை கொள்ளாமல் இருந்து என்ரை மூச்சை எண்ணுவாள் எண்டார்."

உண்மை. எண்ணியிருப்பேன். பத்து வருடம் என் சாம்பாரை அவர் வாய் திறக்காமல் சாப்பிட்டது அம்மனுக்குப் பயந்தல்ல. எனக்குப் பயந்துமல்ல. நான் நித்திரை கொள்ள வேண்டும் என்று. அந்த மனுசனுக்கு எட்டு அன்று நான் வாழைக்காய் படைத்தேன்.

பன்னிரண்டு இருபது. ஒரு தட்டும் அகப்பையும் தரச் சொல்லிக் கேட்டேன். லூர்து உடனே எடுத்துத் தந்தாள். என் கையால் சோறு போட்டேன். தினுகுவான் அள்ளி விட்டேன். பதினொரு வருடம் இறைச்சி அகப்பை பிடிக்காத கை. மேசையில் இரண்டு சொட்டு விழுந்தது. மிளகாயை ஓரத்தில் வைத்தேன். யன்னலோர மேசையில், அவர் இருந்த பக்கத்துக்கு நேரே தட்டை வைத்துவிட்டு நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டியது நான்தான் என்பது எனக்கும் தெரியும், பக்கத்தில் நின்ற மச்சாளுக்கும் தெரியும். ஆனால் நாற்பத்திரண்டு வருடக் கலியாணத்தில் நான் அந்தச் சொல்லைப் பழகவில்லை.

"ஆற முந்திச் சாப்பிடுங்கோ," என்றேன்.

மச்சாள் என் முதுகில் கை வைத்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு வைக்கிறாள்.

படைத்ததை வீணாக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தால் மச்சாள் அந்தத் தட்டுக்கு முன்னால் இருந்து கையால் பிசைந்து சாப்பிட்டாள். நான் நேர்த்தியை விடவில்லை. அம்மனை ஏமாற்ற எங்கள் வீட்டில் ஒருவர் போதும். எனக்கு மரிசெல் வாழைப்பழத்தை மாவில் சுருட்டிப் பொரித்ததும், அரிசிமாவில் அவித்த வெள்ளைப் பலகாரமும் கொண்டுவந்து வைத்தாள். நல்ல ருசி. ஆனால் தினுகுவானின் ருசியை வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டுமே. மச்சாளைக் கேட்டேன்.

"புளிக்குது. ரத்தம் நல்ல மெத்தெண்டு கிடக்கு. தேங்காய்ப்பூ இல்லை, சீரகம் இல்லை. என்ரை வறை இதை விடத் திறம்."

"அப்ப ஏன் அழுறியள்?"

"மிளகாய்."

மிளகாய் தட்டின் ஓரத்தில் வைத்தபடியே கிடந்தது.

ஒன்று பத்து. பொரித்த வாழைப்பழம் நான்கு யூரோ, அரிசிப் பலகாரம் மூன்று யூரோ ஐம்பது. தினுகுவானுக்கு இப்போது பன்னிரண்டு யூரோ. ஆனால் படைத்த தட்டுக்கு லூர்து காசு வாங்கவில்லை. நாங்கள் வெளிக்கிடும்போது அவள் சுவரடிக்குப் போய், அறிவித்தல் தாளின் ஒட்டுப்பட்டியை நகத்தால் மெல்ல உரிக்கத் தொடங்கினாள். "குடும்பம் வந்திட்டுது. வீட்டை கொண்டுபோங்கோ," என்றாள்.

சார்செலில் எங்கள் வீட்டு வரவேற்பறையிலும் இதே படம் இருக்கிறது. கண்ணாடிச் சட்டம், பிளாஸ்டிக் மாலை, இரவும் பகலும் எரிகிற சின்ன மின்விளக்கு. தினமும் நானே துடைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஐயர் வந்து, அரிசியும் மரக்கறியும் வைத்து, எல்லாம் முறைப்படி நடக்கும். இங்கே சட்டமும் இல்லை, மாலையும் இல்லை. குசினி ஆவியில் தாளின் ஓரம் சுருண்டிருந்தது. ஆனால் வீட்டுப் படத்தில் நான் ஒரு நாளும் காணாத ஒரு திருப்தி இந்தப் படத்து முகத்தில் இருந்தது போலப்பட்டது. ஒரே படந்தான், நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இருந்தாலும் அப்படித்தான் பட்டது.

நான் லூர்துவின் கையை விலக்கி, உரிந்த ஒட்டுப்பட்டியைப் பெருவிரலால் அழுத்திச் சுவரோடு திரும்ப ஒட்டினேன்.

"இஞ்சையே இருக்கட்டும் மதாம். வீட்டை கொண்டுபோனால் மனுசனுக்குத் திரும்பவும் பருப்புத்தான்."

லூர்து சிரித்தாள். மச்சாளும் சிரித்துவிட்டாள். அந்தக் கடை வாசலில் ஒரே ஒரு படிதான். அதில் இறங்கத்தான் எனக்குக் கனநேரம் பிடித்தது.