சடை விழுந்த சந்தன மரம்

பாரஸ்டர் கருப்பையா போய்விட்டார் என்று நேற்றுக் காலை காரைக்குடி பஸ் நிலையத்தில் பழைய சக ஊழியர் ஒருவர் சொன்னார். குன்றக்குடிக்குப் போக ஏறிய பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன். அவருடைய கோபத்துக்குப் பயந்த நண்பர்கள் அனைவருக்கும் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் வனக் காவல் வேலையில் நான் அவரிடம் கார்டாக இருந்தேன். நெற்குப்பைப் பக்கத்துக் காட்டில் எங்கள் இலாகா வளர்த்த சந்தன மரம் ஒன்றில் இலைகள் சிறுத்தன, கணுக்கள் நெருங்கின, கிளை நுனிகள் கொத்துக் கொத்தாக விறைத்து நின்றன. பூவும் இல்லை, காயும் இல்லை. வைரஸ் நோய் என்று மேலிடம் எழுதியது. ஊரோ, சடை விழுந்திருக்கிறது, சாமி இறங்கிவிட்டது என்று மஞ்சள் துணி கட்டியது. அதோடு விட்டார்களா? அதன் குச்சிகளை ஒடித்து, நல்ல மரங்களின் பட்டையைக் கீறிச் செருகி, நூல் சுற்றினார்கள். அவற்றுக்கும் சாமி வரட்டுமாம்! ஒட்டுக் கட்டுவதில் கைதேர்ந்த குடியானவர்கள். அடுத்த வருஷம் வரிசையாக மரங்கள் சிறுத்தன.

"வைரம் பாயாமச் செத்தா சந்தனமும் விறகுதாம்ப்பா" என்று பல்லைக் கடித்தார் கருப்பையா. முதல் மரத்தை வெட்ட இருவரும் போனோம். ஊரே தடியோடு நின்றது.

"பாரஸ்டரய்யா, கோடாலிய வச்சீகன்னா உசுரோட போகமாட்டீக."

"சீக்கு மரத்தக் கும்பிட்டு, இருக்கிற காட்டையும் கொல்லப் போறீகளா?" என்று கேட்டுக்கொண்டே அவர் வெட்டினார். முதுகில் தடிகள் விழுந்தன. அவர் நிறுத்தவில்லை. மரம் சாய்ந்தபோது ஒருவன் அரிவாளை வீசினான். அவருடைய மூன்று விரல்கள் அடித்தூரின் மேல் விழுந்ததைப் பார்த்தேன். கோடரியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அவர் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு சாலைவரை நடந்து, லாரியை மறித்து ஏறினாராம். விசாரணையில் அதிகாரி, "கூட வந்த கார்டு என்ன செய்தான்?" என்று கேட்டார். கருப்பையா கட்டுப் போட்ட கையால் என்னைக் காட்டினார்.

"இவன்தான் சார் என்னையத் தூக்கிட்டு வந்தான்."

வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "வேலை போச்சுன்னா ஒம் பிள்ளைக என்னடா பண்ணும்? மிச்சச் சீக்கு மரத்த எல்லாம் நீதான் வெட்டணும். அங்கிட்டு ஒண்ணு நின்னாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்." வெட்டினேன். கல்லடி பட்டேன், ஓடவில்லை. எஞ்சிய மரங்கள் பிழைத்தன.

எனக்குப் பாராட்டுக் கடிதமும் பதவி உயர்வும் கிடைத்தன. நீங்கள் எல்லோரும் என்னைத் தைரியசாலி என்றீர்கள். அவர் ஒரு நாளும் மறுக்கவில்லை. எனக்காகச் சொன்ன அந்தப் பொய்தான் அவர் என்னிடம் விட்டுப்போனது. நண்பர்களே, நேற்று மாலை பாடைக்குத் தோள் கொடுத்தபோதுதான் நான் அவரை முதல்முறையாகத் தூக்கினேன்.