பல கைகளில் வளர்ந்த ஸ்டெல்லா டீச்சர்

ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது கோவிந்தாபுரத்திலிருந்து பொன்னுசாமி அண்ணன் அழைத்தார். "லலிதா டீச்சருங்களா? ஸ்டெல்லா காலைல காபி குடிச்சுட்டு அப்படியே நாற்காலில சாஞ்சாங்க. எழுப்பிப் பார்த்தனுங்க. எந்திரிக்கலீங்க." அவருடைய மனைவி ஸ்டெல்லா எங்கள் கல்லூரியின் உளவியல் துறையில் என்னோடு நெடுங்காலம் பணியாற்றியவர். ஓய்வு பெற்றுச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன.

அவரிடம் படித்தவர்களுக்கும் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அந்தச் சிரிப்பு மறக்காது. இரண்டு அறை தள்ளிக் கேட்கும். அவர் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர், நான் எருத்தேன்பதி ஊர்க்காரி. எனக்குக் கோபம் வந்தால்கூட வாக்கியம் 'ங்க' என்றுதான் முடியும். "உங்க ஊர்ல திட்டுனாலும் கும்பிட்டுட்டுத்தான் திட்டுவீங்க போல" என்பார்.

மனிதர் ஒருவரோடொருவர் பழகக் கற்கும் பருவங்களைப் பற்றிய பாடம் அவருடையது. கைக்குழந்தைக்கு நம்பிக்கை, இளமையில் துணை, நடுவயதில் அடுத்த தலைமுறையை வளர்ப்பது, முதுமையில் வாழ்ந்ததை எண்ணி அமைதி கொள்வது என்று கரும்பலகையில் கட்டம் கட்டமாக எழுதுவார். ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, "ஒரு கட்டத்தை விட்டுட்டா என்னங்க டீச்சர் ஆகும்?" என்று கேட்டாள். ஐம்பதைக் கடந்தும் அப்போது திருமணமாகாதிருந்தவர் முன்னால் அப்படிக் கேட்டது உறைத்து, அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் வாசலில் நின்றிருந்தேன். ஸ்டெல்லா வாய்விட்டுச் சிரித்தார். "புத்தகத்துல எல்லாரும் நேரத்துக்கு வந்துருதாங்க. எங்க மலை ரோட்டுல பஸ் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? வந்தா ஏறிக்கிட வேண்டியதுதான்."

அடுத்த வருடமே ஏறிக்கொண்டார். காய்கறி வியாபாரம் செய்யும் பொன்னுசாமி அண்ணன் மனைவியை இழந்தவர். தினமும் ஒரே பேருந்தில் வந்த பழக்கம். பதிவுத் திருமணத்தில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணனுடைய ஒரே மகள் கவிதா, கொல்லங்கோட்டில் வாழ்க்கைப்பட்டவள், வரவில்லை. அதன் பிறகு அப்பாவின் வீட்டுப் படியே ஏறவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஸ்டெல்லாவுக்கு வரவில்லை. "அவ அம்மா இடம் காலியா இல்ல, லலிதா. அதுல போயி உக்கார நான் யாரு? அவ வரும்போது வரட்டும்." ஒவ்வொரு பண்டிகைக்கும் அண்ணனைத் தனியாக மகள் வீட்டுக்கு அனுப்பிவைப்பார். திரும்பி வந்தவரிடம், சாப்பிட்டீங்களா என்பதைத் தவிர எதையும் கேட்க மாட்டார்.

கவிதாவுக்குக் குழந்தை பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு மதியம் ஸ்டெல்லாவின் கைப்பேசியில் அவளே அழைத்தாள். "டீச்சர், இந்தக் கொழந்தை எங்கிட்ட வந்தாலே அழுகுது. எனக்கும் தூக்கத் தோணலீங்க. பயமா இருக்குதுங்க." அண்ணன் சந்தையில் இருந்தார். என் காரில் இருவரும் கிளம்பினோம்.

தலை வாராமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள் கவிதா. குழந்தை மாமியாரின் மடியில் இருந்தது. முதல் வருடத்தில் தாயிடம் கிடைக்காத நம்பிக்கை பிள்ளைக்குப் பிறகு கிடைக்கவே கிடைக்காது என்று கவிதா எங்கோ படித்திருந்தாள். "நான் இதைக் கெடுத்துட்டனுங்களா டீச்சர்? நீங்கதான் இதெல்லாம் படிச்சவங்க, நெசத்தைச் சொல்லுங்க."

ஸ்டெல்லா குழந்தையின் பக்கம் போகவில்லை. கவிதாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ கடைசியா எப்ப நல்லாத் தூங்குன?" கவிதா விரல்விட்டு எண்ணப் பார்த்துக் கைவிட்டாள். பிறகு ஸ்டெல்லா, நான்கூட அதுவரை கேட்டிராத கதையைச் சொன்னார். "எங்கம்மா என்னப் பெத்துட்டுக் கொஞ்ச நாள்லயே கொழுந்து பறிக்கப் போயிட்டா. அப்பறம் நெஞ்சு நோவுன்னு ஆஸ்பத்திரில கெடந்தா. தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்துல சேலைத் தொட்டில்ல கெடந்தேன். ஆயாம்மா தூக்குவா, பக்கத்து வீட்டு அக்கா தூக்குவா, பால் உள்ள எவளாவது பால் குடுப்பா. அம்மா திரும்பி வந்தப்ப எனக்கு அவள அடையாளமே தெரியலயாம். அப்பறம் அவ சேலைய விட்டு நான் நகர்ந்ததே இல்ல. நான் என்ன கெட்டா போயிட்டேன்? நாளைக்கு டாக்டரப் பாப்போம். இது ஒனக்கு வந்திருக்கிற நோவு, ஒன் குணம் இல்ல. அதுவரைக்கும் பிள்ளைய நாங்க தூக்குதோம். நீ தூங்கு."

கவிதா அன்று தூங்கினாள். மருத்துவர் மருந்து கொடுத்தார். ஸ்டெல்லா விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கினார். "இத்தனை வருசம் வேற மாதிரிப் பாடம் நடத்தினீங்களே?" என்று கேட்டேன். "முதல் உறவு முக்கியம்தான், அதுல பொய் இல்ல. ஆனா அது ஒரே ஆள்ட்டதான் கிடைக்கணும்னு எழுதுனவங்க எங்க லைனுக்கு வந்து பாத்திருக்க மாட்டாங்க" என்றார்.

சில வாரங்கள் கழித்து அவரிடமிருந்து அழைப்பு. குரலில் அப்படி ஒரு துள்ளல். "லலிதா, பிள்ளை அழுதுச்சு, நான் கைய நீட்டுனேன். என்னத் தாண்டிக் கவிதாகிட்டப் போயிருச்சு! என்னத் தாண்டி!" தன்னை வேண்டாம் என்று ஒதுக்கிப் போன குழந்தையைப் பற்றி அவ்வளவு பெருமையாக ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. மறுநாளே பெட்டியை எடுத்துக்கொண்டு கோவிந்தாபுரம் திரும்பிவிட்டார். அந்தப் பொங்கலுக்குக் கவிதா அப்பாவின் வீட்டுக்கு வந்தாள்.

ஸ்டெல்லாவை அடக்கம் செய்தபோது கல்லறைத் தோட்டத்தில் பங்குத்தந்தை கவிதாவைப் பார்த்து, "நீங்க மகளா?" என்று கேட்டார். தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சற்றுத் தயங்கினாள். "அம்மா இல்லீங்க சாமி. எங்க டீச்சருங்க. ஆனா மொத மண்ணு நான்தான் போடுவேன்." அண்ணன் விலகி அவளுக்கு வழிவிட்டார்.

என்னிடம் எஞ்சியிருப்பது அவருடைய ஒரு கேள்வி. வகுப்புக்கு வராத, சண்டை போடுகிற, திடீரென்று பேச்சை நிறுத்திவிடுகிற மாணவர்களைப் பற்றித் துறைக் கூட்டத்தில் பேச்சு எழும். இவனுக்கு என்ன கோளாறு என்று நாங்கள் அலசிக்கொண்டிருப்போம். ஸ்டெல்லா கேட்பது ஒன்றைத்தான்: "அவன் கூட யாரு இருக்கா?" போன வாரம், விடுதி அறையை விட்டு வெளியே வராத முதலாண்டு மாணவி ஒருத்தியைப் பற்றிப் பேச்சு வந்தது. எல்லோரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு நான் அதைக் கேட்டேன். ஒருவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார், அதில் அது இல்லை. கூட்டம் முடிந்ததும் விடுதிக்குப் போய், அவள் அறைக் கதவைத் தட்டினேன்.